ஒரு குமிழி மீதி

எரிசா செகபெம்பே என்று கேட்டால் கியம்புலே கிராமத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எடைக்காரர் என்று கேட்டால் மசாக்கா சாலையில் ஓடுகிற லாரிக்காரன்கூட வீட்டைக் காட்டுவான். கூட்டுறவுக் காப்பிக் கிடங்கில் நாற்பது வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். மூட்டை கொக்கியில் ஏறுவதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார். சொன்னதற்கும் முள் காட்டுவதற்கும் அரைக் கிலோ வித்தியாசம் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எண்களில் அப்படி ஒரு ரோஷம். அந்த ரோஷம் குடியைக் கெடுத்தது. மகள் ரொபினாவின் பாசம் அதைவிடக் கொஞ்சம் கூடவே கெடுத்தது.

கிடங்கை மூடினார்கள். மனைவியும் போய்ச் சேர்ந்தாள். அவளை வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோப்பில், அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அதற்கப்புறம் கிழவருக்குப் பொழுது போகவில்லை. கம்பாலாவில் வண்டி உதிரிப்பாகம் விற்கிற மகன் முக்கீபி ஒருநாள் வந்து, கண்ணாடி கீறிப்போன தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனான். பேசத்தான் கொடுத்தான். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்ததைக் கிழவர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே கலர் கலராகக் குமிழிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண். கீழேயிருந்து ஒரு குமிழியைக் குறிபார்த்துச் சுடவேண்டும். இரண்டு போய் இரண்டைத் தொட்டால் நான்கு; நான்கு நான்கைத் தொட்டால் எட்டு. ஜோடி சேராதவை அடைந்து அடைந்து கீழே இறங்கிவரும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆட்டம் போச்சு. சேர்த்துச் சேர்த்து இரண்டாயிரத்து நாற்பத்தெட்டை உண்டாக்கிவிட்டால் போனுக்குள் வாணவேடிக்கை நடக்கும், முரசு கொட்டும், தங்கக் கிரீடம் ஒன்று வந்து உட்காரும். பிறகு புது ஆட்டம். பாதியில் மூடி வைத்தால் வைத்த இடத்திலேயே அப்படியே நிற்கும். அடுத்து எடுக்கிறவர் அங்கிருந்து தொடரலாம்.

எடைக்காரர் கைக்கு அது அல்வாத் துண்டு. ஒரே மாதத்தில் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டைத் தொட்டார். முச்சந்தியில் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பையன்கள் பாதிகூட எட்ட முடியாமல் திணறினார்கள். "ஐயா, காப்பி மூட்டை மாதிரி தூக்கிப் போடுறீங்களே!" என்று அவர்களில் ஒருத்தனான கத்தெரெக்கா கையெடுத்துக் கும்பிட்டான். கிழவர் பழைய கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கண்ணு பாக்கிறதுக்கு முன்னாடி மனசு பாக்கணும்டா," என்பார். ஊர் மறுபடி அவரை எடைக்காரர் என்று வாய் நிறையக் கூப்பிட்டது.

இதெல்லாம் போன வருஷக் கதை.

இந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு அவருக்குள் ஏதோ கழன்றது. முதலில் செருப்பைத் தேடினார். பிறகு செத்துப்போன மனைவியைத் தேடினார். ஒருநாள் ரொபினா காப்பிப் பழத்தைத் தார்ப்பாயில் உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே சத்தம் கேட்டு ஓடினாள். கிழவர் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"இந்தத் தராசு பொய் சொல்லுது ரொபினா! எட்டைக் கொண்டுபோய் வெக்கிறேன், ஏத்துக்க மாட்டேங்குது!"

அவள் எட்டிப் பார்த்தாள். எட்டைப் பதினாறின்மேல் சுட்டுக்கொண்டே இருந்தார். குமிழிகள் குவிந்து சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டன. ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்ததும் எழுபத்தெட்டு வயது மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் மூன்று தடவை அழுதார்.

ரொபினா புருஷன் வீட்டை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அடி பொறுக்காமல் வந்தவள். ஊர் அதை மறக்கவில்லை. கிணற்றடியில் யாராவது ஒருத்தி ஜாடை பேசாமல் விடமாட்டாள். அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்காமல், "உள்ள வா, வாழைக்காய் வேகுது," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள். செய்தாள்.

மத்தியானம் வேகவைத்த மட்டோக்கே வாழைக்காயும் கடலைக் குழம்பும் சாப்பிட்டு அவர் கண்ணயர்ந்ததும் போனை எடுத்தாள். குமிழிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அவளுக்கு அது வேகமாக வரவில்லை. மூன்று நான்கு மத்தியானங்கள் பிடித்தன. அந்த நாட்களில் போனைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, சார்ஜ் போட்டிருக்கிறேன் என்று பொய் சொன்னாள். கடைசியில் மேலே ஓர் ஆயிரத்து இருபத்துநாலு, நேர் கீழே சுடுவதற்கு இன்னோர் ஆயிரத்து இருபத்துநாலு என்று கொண்டுவந்து நிறுத்தி, போனை அவர் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

எழுந்தவர் நேராக விரலை வைத்துச் சுட்டார். முரசு கொட்டியது. கிரீடம் வந்தது. "அடிச்சேன்! ரொபினா, அடிச்சேன்!" என்று கொல்லையெல்லாம் ஆடினார். அவள் மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

அதிலிருந்து அது வாடிக்கையாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு கிரீடம். கத்தெரெக்கா ஒருநாள் வந்தவன் அதைப் படம்பிடித்து, ஊர்க்காரர்களின் போன் குழுவில் போட்டுவிட்டான். எழுபத்தெட்டு வயதில் எடைக்காரர் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு அடிக்கிறார் என்று ஊரே பார்த்தது. கம்பாலாவில் முக்கீபியும் பார்த்தான். ரொபினாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அந்தப் பைத்தியக்காரிக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

முக்கீபி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தான். சர்க்கரை, ரொட்டி, இரண்டு கிலோ கறி, சோப்பு என்று பிள்ளை கொண்டுவர வேண்டியதெல்லாம் கொண்டுவந்தான். அப்பாவுக்குக் கண் பார்க்கணும் என்று மசாக்காவுக்குக் கூட்டிப்போனான். சாயங்காலம் கொண்டுவந்து விட்டபோது கிழவர் விரலில் மை இருந்தது.

"என்னப்பா இது?"

"காப்பி மூட்டைக்குக் கையெழுத்து. இந்த வருஷம் விளைச்சல் நல்லா வந்திருக்கு," என்றார் சந்தோஷமாக.

கிடங்கு மூடிப் பதினோரு வருஷம். ரொபினா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு நாள் கழித்து, தோப்புக்குள் ஒருத்தன் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தார்ச்சாலை போடப்போகிறார்களாம்; பெட்ரோல் பங்க் வைக்கப்போகிறவர் நிலத்தை வாங்கிவிட்டாராம். இரண்டரை ஏக்கர் காப்பி, வாழை, வீடு, கல்லறைகள் எல்லாம் சேர்த்து.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஆமா, வித்தேன். அப்பா சம்மதிச்சு வித்தது. அவர் என்னோட வந்து இருப்பார்."

"அம்மா அங்க படுத்திருக்காண்ணே."

"எலும்பை மரப்பட்டைத் துணியில சுத்தி முறையா மாத்திடலாம். நான் என்ன நாய்க்கா போடப் போறேன்?"

"நான் எங்கண்ணே போவேன்?"

"உனக்குன்னு ஒருத்தன் இருந்தான். விட்டுட்டு வந்தது நீ."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அவள் ஊர்த் தலைவரிடம் போனாள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரைச் சாலொங்கோ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவருடைய முத்திரை விழாமல் கியம்புலேயில் ஒரு முழம் மண்கூடக் கைமாறாது. ரொபினா மண்டியிட்டு வணங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பாவுக்கு நெனப்பு இல்லீங்க. எதுல கையெழுத்து போட்டோம்னே அவருக்குத் தெரியாது."

சாலொங்கோ நல்ல மனுஷர். தாடையைச் சொறிந்தார். "அப்படின்னா அந்த விற்பனை செல்லாது. வெள்ளிக்கிழமை கூட்டம் போடறேன். எல்லாரும் வரட்டும். பெரியவரையும் கூட்டிட்டு வா. நானே கேட்டுப் பாத்துக்கிறேன்."

அவளுக்கு உயிர் வந்தது. அப்பாவைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் யாருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை கிழவர் ரொம்பப் படுத்தினார். கோட்டைப் போட மறுத்தார். யார் கூட்டம், எதற்குக் கூட்டம் என்று இருபது தடவை கேட்டார். அவள் கையைத் தட்டிவிட்டார். அவரைச் சாந்தப்படுத்த அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. போன மூன்று நாளாகச் சேர்த்துவைத்த ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தையும் சேர்த்து, ஒரு குமிழி மீதி வைத்து, போனைக் கோட்டுப் பையில் போட்டாள். "கூட்டம் முடிஞ்சு வந்ததும் ஆடலாம்பா," என்றாள். போன் பையில் கனத்ததும் கிழவர் அடங்கிவிட்டார். பிறகு அதை அவள் மறந்துபோனாள். அவ்வளவு கவலை அவளுக்கு.

பலா மரத்தடியில் ஆண்கள் பெஞ்சிலும் பெண்கள் பாயிலுமாக ஊர் கூடியிருந்தது. முக்கீபி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். நிலம் வாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரைப் பார்த்ததும் எடைக்காரருக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ, முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி, மழை எப்படி, வீடு எப்படி என்று முறையாக விசாரித்தார். நாற்பது வருஷம் சொன்ன வணக்கங்கள். நெஞ்சு மறந்தாலும் வாய் மறக்குமா?

"பெரியவரே, இவர் யாரு?" என்று சாலொங்கோ முக்கீபியைக் காட்டினார்.

"என் மகன். என்ன கேள்வி இது?"

கூட்டம் சிரித்தது.

"இந்தக் காகிதத்துல கையெழுத்து போட்டது நீங்கதானா?"

"நான் போடாம? என் கையெழுத்துல சுழி எப்படி விழுந்திருக்கு பாருங்க."

ரொபினா மண்டியிட்டபடியே முன்னால் நகர்ந்தாள். "சாலொங்கோ ஐயா, அது காப்பி மூட்டைக்குன்னு நெனச்சுப் போட்டாருங்க. அம்மாவையே தேடுறாருங்க வீட்ல. இன்னைக்கு ஏதோ நல்லா பேசறார். அவருக்கு நெனப்பு போயி மாசக்கணக்காச்சு."

முக்கீபி இதற்காகவே காத்திருந்தவன்போல் எழுந்தான். "நெனப்பு போனவரா? எல்லாரும் பாத்ததுதானே, இன்னொரு தடவை பாருங்க." தன் போனை உயர்த்தினான். கத்தெரெக்கா எடுத்த படம் ஓடியது. முரசு கொட்டியது. "படிச்ச பசங்களே தொட முடியாததை வாராவாரம் தொடறார் என் அப்பா. இவருக்கா புத்தி இல்ல? புருஷனை விட்டுட்டு வந்தவளுக்கு நிலத்து மேல கண்ணு. அப்பனைப் பைத்தியக்காரன் ஆக்கினாத்தான் அது கெடைக்கும்."

பாயில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிழவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பைத்தியக்காரன் என்ற சொல் அவருக்குக் கேட்டுவிட்டது.

ரொபினாவுக்கு அந்த இடத்தில் இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டால் அப்பாவின் மானம் நிற்கும், வீடு போகும். வாயைத் திறந்தால் வீடு நிற்கலாம், அப்பாவின் மானம் ஊர் நடுவில் அவிழும். தன் தலைமேல் இருந்த ஒரே கூரை அது என்பதுகூட அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கம்பாலாவில் கடைக்குப் பின்னால் ஓர் அறையில், யார் எவர் என்று தெரியாத சத்தத்தில், அம்மாவைத் தேடிக்கொண்டு அவர் நடக்கப்போவதுதான் கண்ணில் நின்றது.

"அதை அவர் ஆடலீங்க," என்றாள். "நான்தான் அவர் தூங்கும்போது எல்லாத்தையும் சேர்த்து வெப்பேன். கடைசி ஒண்ணை மட்டும் அவர் சுடுவார். அவர் அழக் கூடாதுன்னு செஞ்சேன். சத்தியமா."

எடைக்காரர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"பொய். என் தராசுல இன்னொருத்தர் கை பட்டதில்ல. நாப்பது வருஷத்துல பட்டதில்ல. என் சோத்தைத் தின்னுட்டு என்னைக் கள்ள எடைக்காரன்கிறியா?"

"அப்பா..."

"என்னை அப்பான்னு கூப்பிடாத."

சாலொங்கோ கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. இதுக்கு எதுக்குச் சண்டை? பெரியவரே, போன் இருக்கா? இங்கயே ஆடிக் காட்டுங்க. நாங்களும் பாத்துடறோம்."

"ஆமாங்க, ஆடட்டும்!" என்று ரொபினாவும் சேர்ந்து சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் காலையில் அடுப்படியில் செய்துவைத்தது நினைவுக்கு வந்தது.

"வேணாங்க! அந்த ஆட்டம் வேணாம், புதுசா ஆரம்பிக்கச் சொல்லுங்க! அதுவும் நான் வெச்சதுதான்!"

"ஓஹோ, இதுவும் நீ வெச்சதா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கிழவர் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். கத்தெரெக்காவும் நாலு பேரும் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். விரலை வைத்தார், நேரே மேலே சுட்டார். முரசு முழங்கியது. கீறல் விழுந்த கண்ணாடியில் பட்டாசு பூத்தது. தங்கக் கிரீடம் வந்து உட்கார்ந்தது.

பலா மரமே அதிரும்படி கை தட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். முக்கீபி அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

சாலொங்கோ மட்டும் கொஞ்சம் தயங்கினார். "பெரியவரே, மகள் மனசு ஆறட்டும். இன்னொரு தடவை, முதல்லேர்ந்து..."

"சாலொங்கோ," என்றார் எடைக்காரர். குரலில் பழைய கிடங்கு கேட்டது. "உங்க அப்பா காப்பி கொண்டாருவார், ஞாபகம் இருக்கா? ஒரு மூட்டையை நான் ரெண்டு தடவை எடை போட்டு நீங்க பாத்திருக்கீங்களா? ரெண்டு தடவை எடை போடறது திருட்டுக் கிடங்குல."

சாலொங்கோ தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அப்பா எந்த எடைக்காரரையும் நம்பாதவர், இவர் ஒருவரைத் தவிர. அந்த வார்த்தைக்குமேல் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. முத்திரையை மையில் அழுத்தி, காகிதத்தில் அழுத்தினார்.

கூட்டம் கலையும்போது முக்கீபி தங்கை அருகில் வந்தான். ஜெயித்தவனுக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்குமே, அது அவனுக்கும் இருந்தது. "மாசக் கடைசிவரை இருந்துக்கோ. அப்புறம் கம்பாலா வா. கடையில பெருக்கித் தொடைக்க ஆள் வேணும்." அவளோ, நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்ததை ஒவ்வொரு மத்தியானமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். வழியெல்லாம் ஆட்கள் அவரைக் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு அப்பாவின்மேல் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நெனப்பு போனவர்மேல் என்ன கோபம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் கோபம் போகவில்லை.

மீந்திருந்த பீன்ஸையும் வாழைக்காயையும் அவர் முன்னால் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போனைத் திறந்தார். புது ஆட்டம். நாலைக் கொண்டுபோய் இரண்டின்மேல் சுட்டார். எட்டை முப்பத்திரண்டின்மேல் சுட்டார். குமிழிகள் மளமளவென்று இறங்கின. சிவப்புக் கோடு. ஆட்டம் முடிந்தது. அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அழட்டும், இன்றைக்கு அழட்டும் என்று இருந்தாள்.

அவர் அழவில்லை. எழுந்து வந்து போனை அவள் மடியில் வைத்தார்.

"இதைப் பிடி. நான் கொஞ்சம் கண்ணை மூடறேன். எப்பவும் போல ஒண்ணே ஒண்ணு மீதி வை."

பீன்ஸ் அவள் கையிலிருந்து கீழே விழுந்தது.

"அப்பா... நான் செஞ்சு வெக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"நாப்பது வருஷம் மூட்டை பாத்தவன்டி நான்," என்றார் பாயில் சாய்ந்துகொண்டே. "வேற கை கட்டின முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா..." "தெரிஞ்சுமாப்பா அங்க அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு சொன்னீங்க?"

கிழவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கண்ணில் கள்ளம் இல்லை.

"எங்க?" என்றார்.

மறுபடி பாயில் தலையைச் சாய்த்தார். பிறகு தூங்கிவிட்டார். பின்னால் தோப்புக்குள் பெட்ரோல் பங்க்காரரின் ஆட்கள் முளைக்குச்சி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்; அம்மா கல்லறைப் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது. ரொபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, இரண்டை இரண்டோடு சேர்த்தாள்.